சுவரோவியத்தின்மேல் கிறுக்கினால் அதுவும் கலையா?

லிட்டில் இந்தியாவின் பெலிலியோஸ் லேன் பக்கம் போயிருக்கிறீர்களா?

அங்கே ஒரு கடைவீட்டின் பக்கச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. கிளி சோதிடர், பூமாலை கட்டுபவர் என அந்த வட்டாரத்தின் பழைய தொழில்களை வரைந்தவர் 'சைஃபூல்' என்ற பெயரில் இயங்கும் ஓவியர். லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து நடத்திய 'ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா' திட்டத்தில் உருவான சுவரோவியங்களில் அதுவும் ஒன்று. முறையான அனுமதியோடு வரையப்பட்டது.

இப்போது ஒரு கற்பனை.

ஓர் இரவு மூன்று பேர் தனித்தனியாக அந்தச் சுவருக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் கிளியின் அலகில் ஒரு கைப்பேசியை வரைந்துவிட்டுப் போகிறார். ராசிபலனை இப்போதெல்லாம் செயலியில்தானே பார்க்கிறோம் என்கிறது அந்தக் கிண்டல். இரண்டாம் ஆள் சோதிடரின் முகத்தின்மேல் தம்முடைய பட்டப்பெயரைக் கறுப்புச் சாயத்தில் தெளிக்கிறார். மூன்றாம் ஆள் ஒரு வாளி வெள்ளைச் சாயத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்.

காலையில் சுவரைப் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "முதல் ஆள் பரவாயில்ல, யோசிச்சு செஞ்சிருக்காரு" என்பார்கள் சிலர். "யோசிச்சு செஞ்சா மட்டும்? அடுத்தவங்க வேலையை ஏன் தொடணும்?" என்பார்கள் வேறு சிலர்.

ஒருவர் வரைந்ததைச் சிதைப்பதும் ஒரு கலையாக முடியுமா? ஆகும் என்றால் அதற்காகத் தண்டனையிலிருந்து தப்பிக்கலாமா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் எப்போதும் சண்டையில் முடிகிறது.

சட்டம் என்ன கேட்கிறது?

சிங்கப்பூரின் நாசவேலைச் சட்டம் 1966-இல் வந்தது. பொதுச்சுவர்களில் அரசியல் முழக்கங்கள் எழுதப்பட்டு வந்த காலம் அது. கலையைப் பற்றி யோசித்து எழுதப்பட்ட சட்டம் அல்ல.

உரிமையாளரின் அல்லது பொறுப்பில் இருப்பவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு சொத்தின்மீது எழுதுவது, வரைவது, சாயம் பூசுவது, சுவரொட்டி ஒட்டுவது எல்லாமே அந்தச் சட்டத்தின்கீழ் குற்றம். அதிகபட்சம் 2,000 வெள்ளி அபராதம் அல்லது 3 ஆண்டுவரை சிறை. அதோடு 3 முதல் 8 வரையிலான பிரம்படியும் விதிக்கப்படலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. பென்சில், சுண்ணக்கட்டி போன்ற எளிதில் அழியக்கூடிய பொருளால் கிறுக்கி, அது முதல் குற்றமாகவும் இருந்தால் பிரம்படி கிடையாது. அழியாத சாயம் என்றால் கதை வேறு. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் சிங்கப்பூரில் பிரம்படி விதிக்கப்படுவதில்லை.

கவனித்தீர்களா? சட்டம் கேட்பவை இரண்டுதான். அனுமதி இருந்ததா? எதைக் கொண்டு செய்தாய்? "அழகா இருந்துச்சா?" என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை.

2014 நவம்பரில் பீஷான் பணிமனைக்குள் நுழைந்து ரயில் பெட்டி ஒன்றில் சாயம் தெளித்த இரண்டு ஜெர்மானிய இளையர்களுக்கு 2015-இல் 9 மாதச் சிறையும் 3 பிரம்படியும் விதிக்கப்பட்டன. அந்த எழுத்துகள் நன்றாக இருந்தனவா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

ஆக, நம் கற்பனையில் வந்த மூவரும் சட்டத்தின் பார்வையில் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். கைப்பேசி வரைந்தவருக்குச் சிறப்புச் சலுகை எதுவும் கிடையாது.

'என் தாத்தா ரோடு'

கலையா, குற்றமா என்று சிங்கப்பூரே கேட்ட ஆண்டு 2012.

நடந்துசெல்வோர் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான்களுக்கு மேலே திடீரென்று சின்னச் சின்ன ஒட்டுவில்லைகள் முளைத்தன. 'பிரெஸ் அன்டில் ஷியோக்' என்றது ஒன்று. அதாவது, ஆசை தீர அழுத்து. பச்சை விளக்குக்குப் பொறுமை இல்லாமல் பத்து முறை அழுத்தும் நம் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்த வாசகம். சில சாலைகளில் 'மை கிராண்ட்ஃபாதர் ரோடு' என்ற எழுத்துகள் அச்சுத்தகடு வைத்துப் பூசப்பட்டிருந்தன.

தமிழில் அந்தக் கிண்டல் சட்டென்று புரியும். நடுரோட்டில் வண்டியை நிறுத்துபவரைப் பார்த்து, "இது என்ன உங்க தாத்தா ரோடா?" என்று கேட்போமே, அதேதான். அதைத் திருப்பிப் போட்டு, "ஆமா, என் தாத்தா ரோடுதான்" என்று சொன்னது அந்த எழுத்து. சாலை யாருடையது என்ற கேள்வியைச் சாலையிலேயே எழுதிவைத்ததுதான் அதன் சாமர்த்தியம்.

அதைச் செய்தவர் சாம் லோ. 'ஸ்டிக்கர் லேடி' என்று ஊடகங்கள் பெயர் வைத்தன. 2012 ஜூனில் கைதானார். ஒட்டுவில்லைகளை ரசித்த பலர், கடுமையான தண்டனை வேண்டாம் என்று இணையத்தில் மனுவில் கையெழுத்திட்டார்கள். "ரசிப்பது வேறு. அனுமதித்தால் நாளைக்கு ஊரெல்லாம் கிறுக்குவார்கள்" என்றனர் மறுதரப்பினர்.

நாசவேலைச் சட்டத்தின்கீழ் அல்லாமல், தண்டனைச் சட்டத்தின்கீழ் விஷமம் செய்ததாக 7 குற்றச்சாட்டுகளில் அவர்மீது தீர்ப்பு வந்தது. 2013 மே மாதம் 240 மணிநேரச் சமூக சேவை விதிக்கப்பட்டது. பிறகு அவர் அனுமதியோடு சுவரோவியங்கள் வரையும் கலைஞராகத் தொடர்ந்தார்.

அந்த ஒட்டுவில்லைகளைக் கலை என்று சொல்வதில் பலருக்குத் தயக்கம் இல்லை. அதே செயல் குற்றம் என்று தீர்ப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தங்கப் படிக்கட்டு

ஐந்தாண்டு கழித்து இன்னொரு விவாதம். இம்முறை மையத்தில் இருந்தவர் ஒரு தமிழ்ப் பெயர்.

2017 மார்ச்சில், ஜாலான் ராஜா புளோக் 103-இன் மேல்மாடிப் படிக்கட்டு ஒன்று தங்கநிறத்தில் மின்னியது. லாசாலில் படித்துக்கொண்டிருந்த பிரியகீதா தியா, படிகளின்மேல் தங்கநிறத் தாளை ஒட்டியிருந்தார். தினமும் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஏறி இறங்கும் சிமெண்டுப் படி, ஒரே நாளில் எல்லோரும் பேசும் படியாகிவிட்டது.

அனுமதி பெறாமல் செய்யப்பட்ட வேலை என்றது நகர மன்றம். அழகாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமே என்றார்கள் பலர். பொது இடத்தில் ஆளுக்கொன்று செய்ய ஆரம்பித்தால் என்னாவது என்று கேட்டார்கள் வேறு சிலர். கடைசியில் தியாவே தாளை அகற்றினார். பின்னாளில் கொச்சி-முசிரிஸ் பினாலே போன்ற கலைவிழாக்களில் அவர் படைப்புகள் இடம்பெற்றன.

தங்கத்தாள் உரிந்துவிடும். படி பழையபடி சிமெண்டுப் படியாகிவிடும். யாருடைய உழைப்பும் அதனால் அழியவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது அப்படியல்ல.

வெறும் சுவர் வேறு, ஓவியம் வேறு

சாம் லோவும் தியாவும் கைவைத்தது சாலையிலும் படிக்கட்டிலும். அங்கே அவர்களுக்கு முன்னால் வேறொரு கலைஞர் இல்லை. பெலிலியோஸ் லேன் சுவரில் இருக்கிறார்.

வெறும் சுவரில் வரைந்தால் உரிமையாளரோடு மட்டும்தான் பிரச்சினை. ஓவியத்தின்மேல் வரைந்தால் அதை வரைந்தவரும் பாதிக்கப்படுகிறார். பல நாள் வெயிலில் நின்று, ஏணியில் ஏறி, கழுத்து வலிக்க வரைந்தவர் அவர்.

சட்டத்தை மதிக்காத கிராஃபிட்டி உலகத்துக்குள்ளேயே இதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. மற்றவர் வேலையின்மேல் கைவைப்பதாக இருந்தால், அதைவிடப் பெரிதாக, அதைவிடச் சிறப்பாகச் செய்ய வேண்டும். அவசரத்தில் போட்ட கையெழுத்தின்மேல் முழு ஓவியம் வரையலாம். முழு ஓவியத்தின்மேல் வெறும் கையெழுத்துப் போடுவது அவமானப்படுத்துவதற்குச் சமம். போலீசுக்குப் பயப்படாதவர்கள்கூட இந்த விதிக்குக் கட்டுப்படுவார்கள்.

அதை மீறினால் என்ன ஆகும்? லண்டனில் நடந்தது.

கேம்டன் வட்டாரத்தின் கால்வாய்க் கரையில் 1985-இல் 'ராபோ' என்பவர் வரைந்த கிராஃபிட்டி இருந்தது. படகில் போனால்தான் எட்டும் இடம் என்பதால் இருபது ஆண்டுக்கு மேல் பெரும்பகுதி தப்பிப் பிழைத்தது. 2009-இல் உலகப் புகழ்பெற்ற பேங்க்சி அதன்மேல் கைவைத்தார். தொழிலாளி ஒருவர் அந்தக் கிராஃபிட்டியையே சுவர்த்தாளாக ஒட்டிக்கொண்டிருப்பதுபோல வரைந்தார்.

ஓய்வில் இருந்த ராபோ கிறிஸ்துமஸ் நாளில் திரும்பி வந்தார். அந்தத் தொழிலாளி 'கிங் ராபோ' என்று எழுதுவதுபோல் மாற்றிவிட்டுப் போனார். பிறகு மாறி மாறிப் பதிலடி. நகரின் வேறு சுவர்களுக்கும் சண்டை பரவியது. ராபோ 2014-இல் காலமானார்.

பேங்க்சி செய்தது கலையா, சிதைப்பா? சிரிக்க வைக்கும் படம்தான். பழைய எழுத்தை முழுசாக மறைக்காமல் அதையே படத்தின் பகுதியாக்கியதும் கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் 1985-இன் அந்த ஓவியம் போயே போய்விட்டது. ராபோவின் பதில் இல்லாவிட்டால், பெரிய பெயர் சின்னப் பெயரை விழுங்கிய கதையாகவே அது முடிந்திருக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்த போலீஸ்காரர்

நமக்குப் பக்கத்திலேயே இன்னும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

2013 நவம்பரில் ஜொகூர் பாருவின் தெருமுனை ஒன்றில் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஒரு சுவரோவியம் வரைந்தார். லித்துவேனியாவில் பிறந்து பினாங்கில் புகழ்பெற்றவர் அவர். சிங்கப்பூரிலும் அவர் ஓவியங்கள் இருக்கின்றன. ஜொகூரில் அவர் வரைந்தது லெகோ பொம்மை உருவங்கள். விலையுயர்ந்த கைப்பையோடு ஒரு பெண் நடந்து வருகிறார். சுவரின் மறுபக்கத்தில், திருப்பத்தில், கத்தியோடு ஒளிந்திருக்கிறான் ஒரு திருடன்.

ஜொகூர் பாருவில் வழிப்பறி பற்றிய பயம் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஊருக்குக் கெட்ட பெயர் என்று நகராண்மைக் கழகம் ஓவியத்தை அழிக்க முடிவெடுத்தது. அதற்குள் யாரோ ஒருவர் அந்தச் சுவரில் மூன்றாவதாக ஒரு லெகோ உருவத்தைச் சேர்த்துவிட்டார். திருடனைப் பிடிக்கக் கைவிலங்கோடு காத்திருக்கும் போலீஸ்காரர்!

பிறகு சுவர் வெள்ளையடிக்கப்பட்டது. ஓவியமும் போனது, போலீஸ்காரரும் போனார்.

அந்தப் போலீஸ்காரரைச் சேர்த்தவர் முதல் ஓவியத்தில் ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. அதன் பாணியிலேயே, அதன் நகைச்சுவையிலேயே பதில் சொன்னார். பெண், திருடன் என்று இருந்த கதைக்கு முடிவு ஒன்று கிடைத்தது. 'போலீஸ் எங்கே?' என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருந்தது. முதல் படம் இல்லாமல் இரண்டாவதற்குப் பொருளே இல்லை. இரண்டாவது வந்த பிறகு முதல் படத்தையும் நாம் வேறுமாதிரி பார்க்கிறோம்.

சிதைப்பு கலையாக மாறும் இடம் இதுதான் என்று தோன்றுகிறது.

வாளிச் சாயமும் அறிக்கையும்

"அழிக்கிறதே ஒரு கருத்துதானே?" என்று கேட்கலாம். அப்படியும் ஒருவர் கேட்டார், நியூயார்க்கில்.

2006-ஆம் ஆண்டின் கடைசியிலும் 2007-லும் அந்நகரின் பிரபலமான தெரு ஓவியங்கள்மீது யாரோ சாயத்தை வீசி அடித்தார்கள். பேங்க்சி, ஸ்வூன், ஷெப்பர்ட் ஃபேரி என்று பெரிய பெயர்களின் படைப்புகள் குறிவைக்கப்பட்டன. 'ஸ்பிளாஷர்' என்று பெயர் வந்தது. சாயம் பட்ட இடங்களின் பக்கத்தில் அறிக்கையும் ஒட்டப்பட்டது. தெரு ஓவியம் பணக்காரர்களின் பண்டமாகிவிட்டது, ஏழைகளின் வட்டாரத்தை விலையேற்றி அவர்களையே விரட்டுகிறது என்பதே சாரம்.

அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. அழகான சுவரோவியம் வந்ததும் காப்பிக் கடை வருவதும், காப்பிக் கடை வந்ததும் வாடகை ஏறுவதும் பல நகரங்கள் பார்த்த கதை.

ஆனால் வீசிய சாயம் அந்தக் கருத்தைச் சொன்னதா? இல்லை. பக்கத்தில் ஒட்டிய காகிதம்தான் சொன்னது. காகிதத்தைக் கிழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கறை. எந்த ஓவியத்தின்மேலும் ஒரே சாயம், ஒரே வீச்சு. எதிரே இருப்பது எது என்று பார்த்துச் செய்யப்பட்ட பதில் அல்ல அது.

ஓவியரே அழித்தால்?

இத்தாலியின் பொலோனியா நகரில் 'ப்ளூ' என்ற தெரு ஓவியர் இருபது ஆண்டுகளாக வரைந்துவந்தார். 2016-இல் அங்கே தெரு ஓவியக் கண்காட்சி ஒன்று ஏற்பாடானது. தெருச் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த படைப்புகளும் அதில் இடம்பெறவிருந்தன. தெருவில் எல்லோருக்குமாக வரைந்ததைப் பெயர்த்து, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்க வைப்பதா என்று கோபப்பட்டார் ப்ளூ. நண்பர்களின் உதவியோடு அந்நகரில் இருந்த தம் சுவரோவியங்களையெல்லாம் சாம்பல்நிறச் சாயத்தால் மூடிவிட்டார்.

நம் கற்பனையில் வந்த மூன்றாம் ஆள் செய்ததும் இதே வேலைதான். ஆனால் பொருள் முற்றிலும் வேறு. ப்ளூ இழந்தது தம்முடைய உழைப்பை. மூன்றாம் ஆள் அழித்தது அடுத்தவர் உழைப்பை.

அழிப்பதற்கும் சம்மதம் வாங்கியவர்கள் உண்டு. 1953-இல் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரௌஷன்பெர்க், புகழின் உச்சியில் இருந்த வில்லெம் டி கூனிங்கிடமே போய், "உங்கள் ஓவியம் ஒன்று வேண்டும், அதை நான் அழிக்கப்போகிறேன்" என்று கேட்டார். டி கூனிங்கும் யோசித்து ஒன்றைக் கொடுத்தார், அதுவும் எளிதில் அழியாத ஒன்றை! அழித்து முடித்த அந்தக் காகிதம் இன்று சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதவைத் தட்டிக் கேட்டதும் அந்தப் படைப்பின் ஒரு பகுதிதான்.

அதிகாரிகள் மாற்றச் சொன்னால்?

ஓர் ஓவியத்தை மாற்ற நினைப்பது இரவில் வரும் ஆட்கள் மட்டுமல்ல.

2024-இல் சவுத் பிரிட்ஜ் சாலைக் கடைவீட்டுச் சுவரில் ஷான் டன்ஸ்டன் என்ற ஓவியர் ஒரு சம்சுய் பெண்ணை வரைந்தார். சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கட்டுமான வேலை செய்த, சீனாவிலிருந்து வந்த பெண்களில் ஒருவர். விரலிடுக்கில் சிகரெட். புகைபிடிப்பதை ஊக்குவிப்பதுபோல் இருக்கிறது என்ற கவலை எழுந்தது. சிகரெட்டை நீக்கும்படி ஓவியரிடம் சொல்லப்பட்டது. உழைத்துக் களைத்த பெண் இளைப்பாறுவதைத்தான் காட்டியிருக்கிறார் என்று பலர் ஆதரித்தார்கள். சம்சுய் பெண்களை இப்படிக் காட்டுவது அவமரியாதை என்ற குரலும் இருந்தது.

முடிவில் ஓவியம் மாற்றமில்லாமல் நீடிக்கலாம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். முன்அனுமதி பெறாமல் வரையத் தொடங்கியதற்காகக் கட்டட உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

அந்தச் சிகரெட் அழிக்கப்பட்டிருந்தால் அது சட்டப்படி சரியான செயல். நாசவேலை என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் ஓவியரைக் கேட்டால் அதைத்தான் சிதைப்பு என்பார். அனுமதி இருந்தால் சிதைப்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, பாருங்கள்.

நம் வீட்டுக் கதைகள் இரண்டு

இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதியதல்ல.

1953 ஜூலை 15. திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரம் ரயில் நிலையம். வடநாட்டு ஆலை முதலாளியின் பெயரில் இருந்த ஊருக்குப் பழைய பெயரே வேண்டும் என்று கோரி, பெயர்ப்பலகையின்மேல் 'கல்லக்குடி' என்ற தாளை ஒட்டினார்கள் திமுகவினர். மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துச் சிறை சென்ற போராட்டம் அது. பிற்காலத்தில் கல்லக்குடி என்ற பெயரே நிலைத்தது.

பலகையை மறைத்தார்கள், கைதானார்கள், சரித்திரத்தில் இடம்பிடித்தார்கள். ஆனால் அதைக் கலை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அது போராட்டம். ஒரு செயலுக்கு மதிப்பு வர அதைக் 'கலை' என்று அழைத்தே தீரவேண்டும் என்பதில்லை. அதுபோலவே, கலை என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் ஒரு செயல் நியாயமாகிவிடுவதும் இல்லை.

இன்னொன்று கோலம். வாசலில், பாதையில் எல்லோர் காலடியிலும் போடப்படும் தெரு ஓவியம். எறும்பு தின்னும், காற்று கலைக்கும், வருகிறவர் போகிறவர் மிதிப்பார்கள், மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்துப் போட்டவரே அழிப்பார். அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. ஆனால் வேண்டுமென்றே ஒருவர் காலால் தேய்த்துவிட்டுப் போனால்? "ஏன்டா இப்படிப் பண்றே?" என்று கோபம் வருமா வராதா?

கோலம் அழிந்தது என்பது இரண்டிலும் ஒன்றுதான். வேறுபடுவது, அதைப் போட்டவரை அழித்தவர் எப்படி நடத்தினார் என்பது.

அப்படியென்றால் பதில் என்ன?

இந்தக் கதைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் கிடைக்கின்றன.

ஒன்று: புதிய கோடு பழைய ஓவியத்தைப் பார்த்துப் பேசுகிறதா? வேறு எந்தச் சுவரிலும் இதையே செய்திருக்கலாம் என்றால், அது பேசவில்லை.

இரண்டு: முதலில் வரைந்தவரின் குரல் மிச்சம் இருக்கிறதா? பதில் சொல்வது வேறு, வாயைப் பொத்துவது வேறு.

மூன்று: விலை கொடுப்பது யார்? தங்கத்தாளை ஒட்டியவரே உரித்தார். ப்ளூ தம்முடையதை அழித்தார். அடுத்தவர் உழைப்பையும், மறுநாள் காலையில் சுவரைத் தேய்த்துக் கழுவும் துப்புரவு ஊழியரின் முதுகையும் செலவழித்துவிட்டு, "நான் துணிச்சலானவன்" என்று சொல்லிக்கொள்வதில் துணிச்சல் ஒன்றும் இல்லை.

இப்போது நம் மூவரிடம் திரும்பலாம். பட்டப்பெயரைத் தெளித்தவர் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறார். வெள்ளைச் சாயக்காரர் இரண்டாவதில் தோற்கிறார். கைப்பேசி வரைந்தவர் முதல் இரண்டையும் தாண்டிவிடுகிறார். அவர் செய்ததைக் கலை என்று நாம் ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதில் அவரும் மாட்டிக்கொள்கிறார். ஏனென்றால் சைஃபூலை அவர் கேட்கவில்லை.

ஆக, சிதைப்பும் கலையாகலாம். அரிதாக. அப்படி ஆனாலும் அது மன்னிப்புச் சீட்டு அல்ல. கலை என்ற சொல், 'இதை நின்று பார்' என்று மட்டும்தான் சொல்கிறது. 'இதைச் செய்தவரை விட்டுவிடு' என்று சொல்வதில்லை.

உங்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றினால்?

லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். அங்குள்ள கடைவீட்டுச் சுவரில் வரைய உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் போதாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். சம்சுய் ஓவிய விவகாரம் காட்டியதும் அதுதான். வீவக புளோக் என்றால் நகர மன்றத்திடம் கேட்க வேண்டும். சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் கேட்பது அதைத்தான்.

இருக்கும் ஓவியம் ஒன்றுக்குப் பதில் சொல்ல ஆசையா? அதைப் படம் எடுத்து, அந்தப் படத்தின்மேல் உங்கள் கைவண்ணத்தைக் காட்டலாம். 1919-இல் மார்செல் டூஷோம் மோனலிசாவுக்கு மீசை வரைந்ததும் ஓர் அஞ்சலட்டையில்தான். அசல் மோனலிசா பாரிசில் பத்திரமாக இருந்தார். அந்த மீசையைப் பற்றி நூறாண்டு கழித்தும் உலகம் பேசிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. வரைந்தவரையே தேடிப்பிடித்துக் கேட்பது. "உங்க கிளிக்கு ஒரு கைப்பேசி கொடுக்கலாமா?" என்று. சிங்கப்பூர் சின்ன ஊர். சுவரோவியர்கள் பலரைச் சமூக ஊடகத்திலேயே பிடித்துவிடலாம்.

அவர் மாட்டேன் என்று சொல்லலாம். சரி என்றும் சொல்லலாம். டி கூனிங் சொன்னாரே.